படிக்க ஐந்து, கேட்க ஐந்து

மூன்றாவது சொட்டு. நான் சொல்லும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது தாத்தா என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். முதல் சொட்டு எரிந்தது. இரண்டாவது தொண்டைக்கு இறங்கிக் கசந்தது, கண்ணில் விட்டது வாயில் கசக்கும் என்பது எழுபத்தாறு வயதில்தான் தெரிகிறது. மூன்றாவது ஒன்றும் செய்யவில்லை, குளிர்ச்சியாக ஓடிக் காதுக்குள் போகப் பார்த்தது, பஞ்சால் துடைத்தேன். கண்மணி விரிய வேண்டுமாம். விரிந்தால்தான் டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்து, புரை எவ்வளவு முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாமா கூடாதா என்று சொல்வார். அதற்கு ஒரு மணி நேரம். சுவரோரம் பெஞ்சு, பெஞ்சு நிறையக் கண்ணை மூடிய கிழவன் கிழவிகள், பார்ப்பவனுக்குத் தியானம் செய்கிற கூட்டம் மாதிரி இருக்கும், வாழ்நாள் முழுக்கத் தியானத்தையும் சாமியாரையும் மேடையில் கிழித்தவன் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். தாத்தா என்கிறாள். பாளையங்கோட்டைச் சிறையில் நாற்பத்து மூன்று நாள் கிடந்தவனை, எழுந்து நின்று நாற்காலி காட்டிய கலெக்டரிடம் நாற்காலி வேண்டாம் பதில் வேண்டும் என்று சொன்னவனை. என்றாலும் அவள் விரல் மெத்தென்று இருந்தது, இமையைப் பிரித்தது வலிக்கவில்லை. ஆபரேஷன் தப்பிப் போனால்? போகாது, இப்போதெல்லாம் பத்து நிமிஷ வேலை என்கிறார்கள். பத்து நிமிஷத்தில் முடிகிற வேலையில் தப்பு நடக்காதா. நான் என் தப்பை அதைவிடக் குறைந்த நேரத்தில் செய்தேன். சீ, அது எதற்கு இப்போது. வேறு எதையாவது நினை. இடது பக்கம் துணைக்கு வந்த சங்கத்துப் பேராச்சி இருக்கிறாள், அவள் சேலையில் புகையிலைத் தூள் வாசனை, பீடி சுற்றுவதை விட்டு ஆறு வருஷம் ஆகியும் போகாத வாசனை, அவள் மடியில் என் ஆஸ்பத்திரி ஃபைல், ஃபைலின் மேல் அந்தத் தாள்.

அந்தத் தாளை எங்கள் ஊர் கிளை நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கிற செய்யதலி கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. மாதம் ஒருவரிடம் கேட்டுப் பலகையில் ஒட்டுகிறான். படிக்க ஐந்து, கேட்க ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. போன மாதம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அதற்கு முந்தின மாதம் பல் டாக்டர். இந்த மாதம் தோழர் ஆவுடையப்பன், பீடித் தொழிலாளர் சங்கம். நீங்க படிக்காததா தோழர் என்றான் செய்யதலி. அந்த ஒரு வார்த்தைக்காக வாங்கிக்கொண்டேன், அந்த ஒரு வார்த்தையால் மூன்று வாரமாக எழுத முடியவில்லை. தாளைக் கொடுக்க இன்று சாயங்காலம் கடைசி. சொட்டு விட்டால் எழுத்துத் தெரியாது என்று தெரிந்ததும் பேராச்சி, நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நான் எழுதுதேன், ஒரு மணி நேரம் சும்மாதான இருக்கப் போறோம் என்று பேனாவை எடுத்துவிட்டாள். முப்பது வயதைத் தாண்டி அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து, ஒவ்வொன்றையும் அழுத்திப் போடுவாள், தாளில் பேனா கீறுகிற சத்தம் எனக்குக் கேட்கும். சொன்னேன். மாஸ்கோவில் அச்சான அந்தத் தடிப் புத்தகம், மூன்று பாகம், போட்டுக்கொள். போட்டாள். ஏன்? உழைப்பு எப்படித் திருடப்படுகிறது என்று காட்டுகிறது. போட்டாள். நீங்க முழுசும் வாசிச்சியளா அண்ணாச்சி, அவ்வளவு தடிமன், தலைக்கு வச்சுப் படுக்கலாம் போல இருக்குமே என்றாள். வாசிக்காமலா என்றேன். முப்பத்தொன்றாம் பக்கம். முதல் பாகம், முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பீடி லேபிளை அடையாளம் வைத்தேன், நாற்பது வருஷமாக அது அங்கேயே இருக்கிறது. நான் படித்தவை பதினாறு பக்கம், முப்பத்திரண்டு பக்கம், நடுவில் இரண்டு கம்பி அடித்த பிரசுரங்கள். கேள்வி, பதில், கேள்வி, பதில். முதலாளி யார்? பதில். அவன் லாபம் எங்கிருந்து வருகிறது? பதில். அவற்றை மனப்பாடமாகச் சொல்வேன், இன்றைக்கும் சொல்வேன், பொதுக்கூட்டத்தில் வக்கீல்களை வாயடைக்க அவை போதுமாக இருந்தன. தடிப் புத்தகங்களின் பின்னட்டையையும் முன்னுரையையும் படித்துவிட்டு, படி, தோழா, இதைப் படிக்காதவன் மனிதனே இல்லை என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருப்பேன். அதில் இரண்டு மூன்று பேர் உண்மையாகவே படித்துவிட்டு வந்து சந்தேகம் கேட்டார்கள். மறுபடி படி, புரியும் என்று அனுப்பினேன். வெட்கம்தான். ஆனால் இந்த வெட்கத்தோடு வாழ்ந்துவிடலாம், இது சட்டைக் கிழிசல் மாதிரி, துண்டைப் போட்டு மறைத்துக்கொள்ளலாம்.

நாலு எழுதியாச்சு, படிக்க இன்னும் ஒண்ணு வேணும் என்கிறாள். யோசிக்கிறேன் என்றேன். கேட்க என்ன போடட்டும்? சங்கத்துப் பாட்டு இரண்டைச் சொன்னேன். சினிமாப் பாட்டு ஒண்ணும் வேண்டாமா? வேண்டாம். எங்களைத்தான் ரேடியோவ அமத்தச் சொல்லுவிய, ராத்திரி சங்க ஆபீஸ்ல மெதுவா வச்சு நீங்க கேட்டது தெரு நாய்க்குக்கூடத் தெரியும் என்று சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணைச் சுருக்கியதில் மருந்து வழிந்தது. எண்பது பேர் சிரிக்கிற இடத்தில் அவள் சிரிப்பைத் தனியாகப் பிரிக்க முடியும், அன்றைக்கும் அப்படித்தான். பீடிக் கம்பெனிக் கிட்டங்கியின் பின்கட்டில் எண்பது பேர் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவார்கள், முக்கால்வாசி பெண்கள், மடியில் பீடித்தட்டு, கை ஓயாது, ஆனால் காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் நான். முக்காலியில் உட்கார்ந்து வாசிப்பேன். மதியம் மூன்று மணியிலிருந்து நான்கு வரை நான் பீடியில் கை வைக்க வேண்டாம், வாசிக்கிறவன் பங்கு என்று ஆளுக்குக் கொஞ்சம் சுற்றி என் தட்டில் போட்டுவிடுவார்கள். பேப்பர் வாசிப்பேன், பிரசுரம் வாசிப்பேன். எண்பது பேருக்கும் எதைக் கேட்பது என்று தீர்மானிக்கிறவன் நான் ஒருவன், பெரும்பாலானவர்களுக்கு எழுத்துத் தெரியாது, தெரிந்தவர்களுக்குக் கை ஒழியாது. ஏ அண்ணாச்சி, எப்பப் பாத்தாலும் முதலாளி முதலாளின்னு அவன் பேரையே சொல்லுதிய, அவன் பொண்டாட்டி கூட இவ்வளவு சொல்ல மாட்டா, ஒரு கதை வாசிங்க என்று கத்துவார்கள். கத்துவது பேராச்சிதான், பத்தொன்பது வயது. கடைசியில் வியாழக்கிழமை வாரப்பத்திரிகை வாங்க ஒத்துக்கொண்டேன். ஒரு பிரதி. நானே பஸ் ஸ்டாண்டில் வாங்கி, நானே வாசித்து, நானே எடுத்துப் போய்விடுவேன். தொடர்கதை. சௌந்தரம் என்று ஒரு பெண், மில் தெருவில் இருக்கிறவள், லாரி ஓட்டுகிற ஒருவன்மேல் ஆசைப்படுகிறாள். முதல் வாரம் ஒழுங்காக வாசித்தேன். இரண்டாம் வாரம் கொஞ்சுகிற வரிகளைத் தாண்டினேன். மூன்றாம் வாரம் அவள் கோயிலுக்குப் போனாள் என்று இருந்ததைச் சங்கக் கூட்டத்துக்குப் போனாள் என்று வாசித்தேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, நல்ல பிள்ளை என்று ஒரு கிழவி சொன்னாள். எவ்வளவு சுலபம். தாளைப் பார்த்துக்கொண்டே வாயால் வேறு சொல்வது எவ்வளவு சுலபம், குரல் மட்டும் வாசிக்கிற குரலாக இருந்தால் போதும்.

அண்ணாச்சி, தூங்கிட்டியளா? இல்லை. அப்ப அஞ்சாவது நான் சொல்லட்டா? சொல். அந்தச் சௌந்தரம் கதையப் போடுங்களேன் என்றாள். என் விரல்கள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. சிமெண்டு பெஞ்சு, சில்லென்று இருக்கிறது. எந்தச் சௌந்தரம் என்று கேட்டேன், கேட்ட எனக்கே அசிங்கமாக இருந்தது. அதான், நீங்க கிட்டங்கில வாசிச்சது, லாரிக் கதவத் தொறந்தா உள்ள அவன் பொண்டாட்டி, மடில பிள்ளையோட உக்காந்திருப்பாளே, அது. நான் ஆயுசுக்கும் கேட்டதுல அதுதான் அண்ணாச்சி கதை. அது மட்டும் அன்னிக்கி என் காதுல விழலன்னா மறுநாக் காலைல நான் யேசுவடியான் கூடப் போயிருப்பேன், இந்தப் பேராச்சி நாக்பூர்ல எந்தச் சந்துல கிடந்து செத்திருப்பாளோ. இப்பயும் நம்ம தெருப் பிள்ளைகளுக்கு அதத்தான் சொல்லுதேன். என் அண்ணன் மவ முப்பிடாதி இருக்காள்லா, திருப்பூர்ல, அவளும் எவனோ வேன் ஓட்டுதவன் கூடப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. ஞாயித்துக்கெழம வாரா. வரட்டும், வேற ஒண்ணும் பேசப் போறதில்ல, சௌந்தரம் கதைய முழுசாச் சொல்லப் போறேன். என்ன, ஏன்னு ஒரு வரி வேணும்லா, ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிய கதை, அப்படிப் போடட்டா?

கொஞ்சம் பொறு என்றேன். நாற்பத்தேழு, நாற்பத்தேழாம் நம்பர் யாரு என்று கூப்பிடுகிறார்கள், என்னுடையது அறுபத்திரண்டு, இன்னும் நேரம் இருக்கிறது, நேரம் இருப்பது நல்லதா கெட்டதா. யேசுவடியான். நாக்பூர்ப் பக்கமிருந்து பீடி இலை கொண்டு வருகிற லாரி டிரைவர், உயரமாக இருப்பான், இறங்கும்போதே சங்க ஆபீசைப் பார்த்து வணக்கம் தோழர் என்பான், கட்சிக்காரன் இல்லை, மரியாதைக்கு. கெட்டவனா? தெரியாது. பொண்டாட்டி இருந்தாளா? இல்லை. அது எனக்குத் தெரியும், லோடுமேன் சங்கத்தில் விசாரித்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமை பேராச்சி சங்க ஆபீசுக்கு வந்தாள், கதவோரம் நின்றாள், அவர் கூப்பிடுதாரு அண்ணாச்சி, வெள்ளிக்கிழம காலைல பாலத்துப் பக்கம் வண்டிய நிப்பாட்டுதேன்னு சொல்லுதாரு, நான் என்ன செய்யட்டும் என்றாள். அது உன் சொந்த விஷயம், சங்கம் அதில் தலையிடாது என்றேன். எவ்வளவு அழகாகச் சொன்னேன். சொல்லிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன், வேறு எந்தத் தலைவன் ஒரு பெண்ணின் சுதந்திரத்தை இப்படி மதிப்பான் என்று. அவள் போன பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சனிக்கிழமை வேலைநிறுத்தத்துக்கு ஓட்டெடுப்பு, பெண்கள் பக்கம் எழுந்து பேச ஆள் பேராச்சி ஒருத்திதான், அவள் ஒரு கிறிஸ்தவ டிரைவரோடு ஓடிப்போனாள் என்று வெள்ளிக்கிழமை ஊர் பேசினால் சனிக்கிழமை ஒரு பெண் வீட்டை விட்டு வர மாட்டாள். கணக்கு சரியானதுதான். இன்றைக்கும் அந்தக் கணக்கில் எனக்குத் தப்புத் தெரியவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை மூன்று மணி. பத்திரிகையைப் பிரித்தேன். படம், வேப்பமரத்தடியில் தகரப்பெட்டியோடு ஒரு பெண், தூரத்தில் லாரி. படத்தை மட்டும்தான் பார்த்தேன். அதன் கீழே இருந்த எழுத்தில் ஒரு வரிகூடப் பார்க்கவில்லை. லாரி வந்து நின்றது, கதவு திறந்தது என்று ஆரம்பித்தேன், உள்ளே ஒரு பெண், மடியில் கைக்குழந்தை, இவள்தான் என் மனைவி, உனக்கு அக்கா மாதிரி, ஏறிக்கொள் என்றான் அவன். எண்பது பேரும் கையை நிறுத்தினார்கள். இலை சரசரப்பு நின்ற அந்த அமைதியை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை, எந்தக் கூட்டத்திலும் கிடைத்ததில்லை, சொல்லவே கூசுகிறது, எனக்கு அது இனித்தது. பேராச்சியின் கையில் பாதி சுற்றிய பீடி பிரிந்து தூள் மடியில் கொட்டியது. சௌந்தரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள், அவள் போன இடம் சங்கம் என்று முடித்தேன். மூன்று நிமிஷம் இருக்குமா. வெள்ளிக்கிழமை பத்து மணி வரை பாலத்தின் பக்கம் ஒரு லாரி நின்றதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை பேராச்சி எழுந்து பேசினாள், அப்படி ஒரு பேச்சு, எல்லாக் கையும் உயர்ந்தன. கிட்டங்கியை அறுபத்தெட்டு நாள் பூட்டினார்கள், அதற்குப் பிறகு முக்காலியும் இல்லை, வாசிப்பும் இல்லை, ஜெயித்தோம், ஜெயித்தது உண்மை, கூலி உயர்ந்தது உண்மை. அவள் அதற்குப் பிறகு யாரையும் கல்யாணம் செய்யவில்லை என்பதும் உண்மை. இயக்கத்துக்காகத் தன்னைக் கொடுத்தவள் என்று மேடையில் நானே சொன்னேன். எத்தனை மேடை. மாலை போட்டேன், கை தட்டினார்கள், அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். அந்தக் கதையைப் போடாதே, அது பிற்போக்கு என்று சொல்லிவிடலாம், நம்புவாள், நான் சொன்ன எதை நம்பவில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு சொல்லலாம், கண் தெரிகிறபோது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முறை. முறையாம். நாற்பத்தைந்து வருஷம் கண் தெரிந்ததே, அப்போது பார்த்தாயா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதி வருகிறாள். அந்தப் பெண்ணை நான் பார்த்தே பத்து வருஷம் ஆகிறது, வேன் ஓட்டுகிறவன் யாரோ எவனோ, நல்லவனாக இருக்கலாம், அயோக்கியனாக இருக்கலாம், அது அவள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. என் வாயிலிருந்து வந்த அந்தப் பொண்டாட்டியும் கைக்குழந்தையும் இன்னொரு தடவை இன்னொரு வண்டிக்குள் ஏறி உட்காரப் போகிறார்கள். பேராச்சி சொன்னால் என்னைவிட நன்றாகச் சொல்வாள். நம்பிச் சொல்கிறவள் அல்லவா. பிரஷர் ஏறினால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள், தள்ளிப் போடட்டும், லத்தி அடிக்குப் பயப்படாதவன், எதற்கும் பயப்படாதவன், வாய் ஏன் ஒட்டிக்கொள்கிறது. பேராச்சி என்றேன். என்ன அண்ணாச்சி, ரொம்பக் கரிக்கிதா, நர்ஸக் கூப்பிடட்டா? வேண்டாம். லாரிக்குள்ள யாரும் இல்ல. எந்த லாரிக்குள்ள? கதையில. அந்தப் பொண்டாட்டி, பிள்ளை, எல்லாம் நான் வச்சது. பத்திரிகையில அப்படி இல்ல. வாசிக்கிற மாதிரி வாசிச்சேன்.

பேனா கீறவில்லை. ஃபேன் சுற்றுகிறது, ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்று யாரு, யாரோ மூக்கைச் சிந்துகிறார்கள். கண்ணைத் திறந்தேன். திறந்து பிரயோசனம் இல்லை, வெளிச்சம் பாலாகக் கொட்டுகிறது, அவள் இருக்கிற இடத்தில் ஒரு கலங்கல், அதற்கு முகம் கிடையாது. எதுக்கு என்று அந்தக் கலங்கல் கேட்டது. சனிக்கிழமை ஓட்டெடுப்பு இருந்துச்சு என்றேன். நீ போயிட்டா பொம்பளையாளுக கலைஞ்சிருவாங்கன்னு நினைச்சேன். போகாதன்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா என்றாள். திங்கக்கிழம வந்து கேட்டேன்லா, வாயத் தொறந்து கேட்டேன்லா. ஆமா. சொல்லியிருந்தா நான் சண்ட போட்டிருப்பேன். இல்ல போயிருப்பேன். இல்ல நீங்க சொல்லுததும் சரிதான்னு இருந்திருப்பேன். என்னமாவது நான் செஞ்சிருப்பேன்லா. குரலை உயர்த்தவில்லை அவள், அடுத்த ஆளுக்குக் கேட்கக் கூடாது என்று அடக்கினாள், என் மானத்தை இந்த நிமிஷத்திலும் அவள் காப்பாற்றினாள், அதைவிட அவள் செருப்பைக் கழற்றியிருக்கலாம். மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தேன், அந்தச் சொல்லை மேடையில் எதிரிகளிடம் கேட்டு வாங்கித்தான் பழக்கம், கொடுத்துப் பழக்கமில்லை, அது வருவதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள். சரி, நெசமான கதையில என்ன? சௌந்தரம் வண்டில ஏறுனாளா இல்லையா?

தெரியாது என்றேன். தெரியாதுன்னா? நான் வாசிக்கல, படத்த மட்டும் பாத்தேன், அதுக்கப்புறம் அந்தப் பத்திரிகைய வாங்கல. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் இருமலாகி, புகையிலை இருமல், நெடுநேரம் ஓயவில்லை, முதுகில் தட்ட நீட்டிய என் கைக்கு அவள் முதுகு அகப்படவில்லை, தள்ளி உட்கார்ந்திருந்தாள். அது என்ன ஆச்சுன்னு கூட நீரு பாக்கலியா என்றாள். நீரு. நாற்பத்தைந்து வருஷமாக நீங்க, சண்டையிலும் நீங்க, இப்போது தெருவில் இலை மூட்டை இறக்குகிற ஆளிடம் பேசுகிற மாதிரி நீரு. அந்தப் பிள்ள மரத்தடில பொட்டியோட நிக்கா, நாலு வார்த்த தள்ளி என்ன நடந்துதுன்னு போட்டிருக்கு, பாக்கணும்னு ஒரு மனுசனுக்குத் தோணாதா? ஞாயித்துக்கெழம முப்பிடாதி வந்து உக்காருவா, நான் என்னத்தச் சொல்லுவேன், சொல்லும். வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது, அச்சடித்த பதில், எண் போட்ட பதில்.

பேனா ஓடத் தொடங்கியது. அழுத்தமாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு வரி முடிந்து அடுத்த வரி, அதற்கும் அடுத்தது. ஐந்தாவதுக்கு ஏன் என்று ஒரு வரிதானே எழுத வேண்டும். ஐம்பத்தெட்டு என்று கூப்பிட்டார்கள், ஐம்பத்தொன்பது என்று கூப்பிட்டார்கள், அவள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது. என்ன எழுதுற என்றேன், என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. முடிஞ்சிட்டு, வாசிக்கேன், கேளும் என்று வாசித்தாள். தடிப் புத்தகம், மூன்று பாகம், உழைப்பு எப்படித் திருடப்படுகிறது என்று காட்டுகிறது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, நான் சொன்னது சொன்னபடி. ஐந்தாவது, கூலிச் சட்டம் பற்றிய பிரசுரம், பதினாறு பக்கம், எல்லோருக்கும் புரியும். கேட்க, சங்கப் பாட்டு, இன்னொரு சங்கப் பாட்டு, மூன்று இடம் காலி. அவ்வளவுதான் என்றாள். ஒரே சீராக, தட்டாமல், வாசிக்கிற குரலில். அது எந்தக் குரல் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். இத்தனை நேரம் எழுதினியே என்றேன். இதத்தான் எழுதுனேன், இதுல இருக்கதத்தான் வாசிச்சேன் என்றாள். செய்யதலி இதை வாங்கி இன்றைக்கே பலகையில் ஒட்டுவான், நாளைக் காலையில் ஊர் படிக்கும், எனக்குக் கலங்கல் தெளிய ராத்திரி ஆகும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். அறுபத்திரண்டு, ஆவுடையப்பன், அறுபத்திரண்டு யாரு என்று உள்ளே கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போடும், நான் பஸ்ஸப் பிடிக்கணும் என்றாள். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதே என்று எண்பது பேருக்கும், அவளுக்கும், தொண்டை கிழியச் சொன்னவன் நான். எங்கே என்று கேட்டேன். அவள் என் விரலைப் பிடித்து இடம் காட்டவில்லை, ஃபைலோடு தாளைத் தூக்கிப் பேனா முனைக்குக் கீழே கொண்டுவந்து வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஆவுடையப்பன் என்று முழுப் பெயரையும் எழுதிப் போட்டேன்.